அம்மாவின் கண்புரை: "முத்தட்டும்" என்று எத்தனை நாள் காத்திருப்பது?

காங்கயத்துக்குப் பக்கத்தில் தோட்டத்துச் சாளையில் குடியிருக்கும் ஓர் அம்மணி கேட்டிருக்கிற கேள்வி இது: "அம்மாவுக்கு 67 வயசுங்க. பத்து வருசமா சுகர். ரெண்டு கண்ணுலயும் புரைன்னு கண்ணாடிக் கடையில பார்த்துட்டுச் சொன்னாங்க. ஆபரேசன் பேச்செடுத்தாலே அம்மா எந்திரிச்சுப் போயிடறாங்க. 'இன்னும் முத்தட்டும், சிவன்மலைத் தேர் முடியட்டும்'ங்கறாங்க. பக்கத்துத் தோட்டத்து ஆத்தா தழைச்சாறு விட்டாக் கரைஞ்சிரும்ங்கறாங்க. காத்திருக்கலாமா? எனக்கும் 42 ஆச்சு, திருப்பூர் கம்பெனில செக்கிங் வேலை. பொழுதானாக் கண்ணு எரியுது, ஊசி கோக்க முடியல. எனக்கும் புரையா இருக்குமோ?"

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புரை முத்தும்வரை காத்திருக்க வேண்டிய காலம் எப்போதோ போய்விட்டது. அதைவிடப் பெரிய விசயம், அம்மாவுக்கு இருப்பது புரை மட்டும்தானா என்று இன்னும் யாரும் பார்க்கவே இல்லை. கண்ணாடிக் கடையில் பார்த்தது கண்ணின் முன்வாசலை. பத்து வருசச் சர்க்கரை குடியிருப்பது பின்கட்டில். பின்கட்டைப் பார்க்காமல் "புரைதான்" என்று நாமே முடிவு கட்டிக்கொள்வதால் நம் ஊரில் போன கண்கள் நிறைய. அதனால்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. ஈரோடு, காங்கயம், தாராபுரம் பக்கத்து அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் முப்பது வருசத்துக்கு மேல் கண் மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். முகாமில் டார்ச் அடித்துப் பார்த்து, ஆபரேசனுக்கு பஸ் ஏற்றி அனுப்பி, கட்டுப் பிரித்துத் திரும்பி வந்தவர்களுக்கு எழுத்துப் பலகையை வைத்துப் பார்வை அளந்தவன். அங்கே பார்த்ததைத்தான் சொல்கிறேன். அம்மாவின் கண்ணுக்கு என்ன வேண்டும் என்பதை அவரை நேரில் பார்க்கும் கண் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

நம்ம பக்கம் சதை, பூ, புரை என்று மூன்று பேரையும் மாற்றி மாற்றிச் சொல்கிறோம். மூன்றும் வேறு வேறு. மூக்கோரத்து வெள்ளை விழியிலிருந்து கருவிழி மேல் முக்கோணமாக ஏறுவது சதை. வெயிலிலும் புழுதியிலும் பண்ணையம் பார்த்தவர்களுக்கு அதிகம் வரும். கருவிழியில் புண் வந்து ஆறிய இடத்தில் நிற்கும் வெள்ளைத் தழும்பு பூ. புரை இந்த இரண்டுக்கும் உள்ளே, கண் நடுவில் கறுப்பாகத் தெரிகிற பாப்பாவுக்குப் பின்னால் இருக்கிற லென்ஸ் மங்கிப்போவது. அந்த லென்ஸ் தண்ணீரும் புரதமும் சேர்ந்த ஒரு தெளிவான பொருள். வயதாக ஆக அந்தப் புரதம் திரண்டு, வெந்த முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி ஒளியை மறைக்கிறது. வெந்த முட்டையை மறுபடி பச்சை முட்டை ஆக்க எந்தச் சாறாலும் முடியாது. புரையைக் கரைக்கும் சொட்டு மருந்தும் இல்லை, மாத்திரையும் இல்லை. பக்கத்துத் தோட்டத்து ஆத்தாவிடம் இதை மரியாதையாகவே சொல்லுங்கள். அவர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் அந்தச் சாறு போகிற இடமே வேறு. கருவிழியின் மேல்பரப்பைத் தாண்டி அது லென்ஸைத் தொடப் போவதில்லை. மேல்பரப்பைப் புண்ணாக்க மட்டும் அதற்கு முடியும்.

வயதுதான் முதல் காரணம். சர்க்கரை அதைச் சீக்கிரம் கொண்டுவரும். மூச்சிரைப்புக்கோ மூட்டு வலிக்கோ வருசக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும், பீடி சிகரெட் பிடிப்பவர்களுக்கும் முன்னாடியே வரும். அடிபட்டாலும் வரும். மாட்டுக் கொம்பு இடித்த கண்ணில் சில மாதம் கழித்துப் புரை வந்து நிற்பதைக் காங்கயம் பக்கத்தில் நானே பலமுறை பார்த்திருக்கிறேன்.

அறிகுறி எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்காது. மசமசவென்று தெரிவது எல்லாருக்கும் தெரிந்த அறிகுறி. எதிரே வரும் வண்டி விளக்கு பூப்பூவாய் விரிந்து கூசும். வெள்ளைச் சேலை பழுப்பாகத் தெரியும். ஒரு நிலா இரண்டு மூன்றாகத் தெரியும். கண்ணாடி பவர் அடிக்கடி மாறும். இதில் ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டில் எல்லாரும் இதைப் பார்த்துச் சந்தோசப்படுவார்கள். பத்து வருசமாகக் கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்க முடியாத பெரியவர் ஒருநாள் திடீரென்று கண்ணாடி இல்லாமலே படிப்பார். "எங்க அப்பாருக்கு இந்த வயசுல பார்வை திரும்பிருச்சு" என்று ஊரெல்லாம் சொல்லுவார்கள். லென்ஸின் நடுப்பகுதி இறுகி, கிட்டப்பார்வைக்காரர் கண் மாதிரி ஆகிவிட்டதன் அடையாளம் அது. தூரப்பார்வை அதே நேரத்தில் குறைந்துகொண்டு இருக்கும். அந்தச் சந்தோசம் கொஞ்ச காலம்தான் நிற்கும்.

இந்த "முத்தட்டும்" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? பெரியவர்களைக் குறை சொல்ல முடியாது, அந்தக் காலத்து டாக்டர்களே அப்படித்தான் சொன்னார்கள். அப்போது லென்ஸை உறையோடு முழுசாக வெளியே எடுப்பார்கள். வெட்டு பெரிது, தையல் உண்டு, நாள்கணக்கில் அசையாமல் படுக்க வேண்டும். எடுத்த இடத்தில் வைக்க ஒன்றும் கிடையாது. அதற்குப் பதில் சோடாப்புட்டிக் கண்ணாடி. அதைப் போட்டால் எதிரே நிற்பவர் கால் பங்கு பெரிதாகத் தெரிவார், பக்கவாட்டில் ஒன்றும் தெரியாது, கழற்றி வைத்தால் கண்ணாடியைத் தேடவே ஆள் வேண்டும். ஓரளவு தெரிகிற கண்ணை வெட்டி அந்தக் கண்ணாடிக்குப் போவதை விட, ஒன்றும் தெரியாத நிலை வரும்வரை பொறுப்பது அன்றைக்கு நியாயம்.

கண்ணுக்குள்ளேயே செயற்கை லென்ஸை வைக்கலாம் என்று 1949இல் லண்டனில் ஹரால்ட் ரிட்லி என்ற டாக்டர் செய்து காட்டினார். போர் விமானிகளின் கண்ணுக்குள் உடைந்து பாய்ந்த விமானக் கூரையின் பிளாஸ்டிக் துண்டுகள் வருசக்கணக்கில் உள்ளே இருந்தும் கண் அதை எதிர்க்கவில்லை என்று கவனித்ததில் பிறந்த யோசனை அது. ஆனால் அந்த லென்ஸ் நம்ம ஊர்த் தோட்டக்காரருக்கு எட்டும் விலைக்கு வர நாற்பது வருசத்துக்கு மேல் ஆயிற்று. டாக்டர் வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்தார். அதைச் சேர்ந்த ஆரோலேப் 1992இல் அங்கேயே லென்ஸ் தயாரிக்க ஆரம்பித்த பிறகுதான் நிலைமை மாறியது. என் வேலையின் ஆரம்பத்தில் ஆபரேசன் முடிந்து வந்தவர்கள் சோடாப்புட்டியோடு முகாமுக்கு வருவார்கள். பிற்பாடு வந்தவர்கள் வெறும் கண்ணோடு வந்து பஸ் போர்டு படித்தார்கள். அந்த மாற்றத்தைக் கிட்ட இருந்து பார்த்தவனுக்கு "முத்தட்டும்" என்ற சொல்லைக் கேட்டாலே வயிறு எரியும்.

இன்றைக்கு முத்தவிடுவது நேர் எதிராக வேலை செய்கிறது. பாக்கோ என்கிற முறையில் மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான துளை வழியாக, ஒலி அதிர்வால் புரையைக் கரைத்து உறிஞ்சுகிறார்கள். கல்லாக இறுகிய புரைக்கு அதிர்வு அதிகம் தேவை, கருவிழியின் உள்ளடுக்கு அதைத் தாங்க வேண்டும், ஆறவும் நாளாகும். அதற்கும் தையல் இல்லாத இன்னொரு முறை இருக்கிறது, கொஞ்சம் பெரிய வெட்டு, கைத்தேர்ச்சியான டாக்டர்கள் அதிலும் நல்ல பார்வையே கொடுக்கிறார்கள். ஆனால் அதையும் தாண்டி விட்டுவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன்.

வெள்ளகோயில் பக்கம் ஒரு முகாமில் எழுபது வயது ஆத்தா ஒருவரைப் பார்த்தேன். வலது கண்ணில் நல்ல வெள்ளைப் புரை. ஆபரேசனுக்குப் பேர் எழுதினேன். பேத்தி கல்யாணம் முடியட்டும் என்றார். அடுத்த முகாமில் மழை இல்லை, மாட்டுக்குத் தீவனம் தேட வேண்டும் என்றார். மூன்றாவது தடவை அவர் முகாமுக்கு வரவில்லை, நான்தான் அவர் வீட்டுப் பக்கம் வேறு வேலையாகப் போனேன். நாலு நாளாகத் தலைவலி, வாந்தி, கண் செவசெவ என்று இருந்தது. பித்தம் என்று இஞ்சிச் சாறும் சோடாவும் கொடுத்திருந்தார்கள். முத்திய புரை உள்ளேயே உப்பி, கண்ணுக்குள் இருக்கிற நீர் வடியும் வழியை அடைத்து, கண்ணின் அழுத்தம் ஏறிவிட்டது. அன்றைக்கே அனுப்பினோம். வலி போயிற்று. பார்வை வரவில்லை, டார்ச் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றுகூட அந்தக் கண்ணுக்குத் தெரியவில்லை, நரம்பு செத்துவிட்டது. முதல் முகாமிலேயே பஸ் ஏறியிருந்தால் பேத்தி கல்யாணத்தை இரண்டு கண்ணாலும் பார்த்திருப்பார். இன்னும் கொஞ்சம் வற்புறுத்தியிருக்கலாமே என்று இப்போதும் எனக்குத் தோன்றும்.

அப்படியானால் எப்போது செய்வது? புரையின் நிறத்தைப் பார்க்காதீர்கள், அம்மாவின் ஒரு நாளைப் பாருங்கள். அரிசியில் கல் பொறுக்கத் திணறுகிறாரா? இட்டேரியில் எதிரே வருபவரைக் குரலைக் கேட்டுத்தான் அடையாளம் காண்கிறாரா? சுகர் மாத்திரை அட்டையையும் பிரசர் மாத்திரை அட்டையையும் பிரித்துத் தெரியாமல் குழம்புகிறாரா? பொழுதோட கட்டுத்தரைக்குப் போகும்போது சுவரைத் தடவுகிறாரா? பால் சொசைட்டி நோட்டைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்கிறாரா? இவற்றில் இரண்டு மூன்றுக்கு "ஆமா" என்றால் நேரம் வந்துவிட்டது. ஒன்றுக்கும் சிரமம் இல்லை என்றால், புரை இருந்தாலும் அவசரம் இல்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டு இருக்கலாம். கண்ணின் பின்புறத்தைச் சோதிக்க முடியாத அளவுக்குப் புரை மறைக்கிறது, கண்ணின் அழுத்தத்தைத் தூண்டுகிறது என்று டாக்டர் சொன்னால் மட்டும் தள்ளிப் போடக் கூடாது.

இப்போது பின்கட்டுக்கு வருகிறேன். கண்ணின் பின்பக்கம் படம் விழுகிற இடம்தான் விழித்திரை. பத்து வருசச் சர்க்கரைக்காரர் எவருக்கும் விழித்திரைச் சோதனை வருசம் ஒருமுறை கட்டாயம். சர்க்கரை விழித்திரையின் சிறு ரத்தக் குழாய்களைப் பழுதாக்கும். கசியும், வீங்கும், புதிதாக நொய்ந்த குழாய்கள் முளைத்து உடைந்து ரத்தம் கொட்டும். இதில் கொடுமை என்னவென்றால், வெகுதூரம் போகும்வரை வலியும் இருக்காது, பார்வையும் குறையாது. குறையும்போது வீட்டில் "புரைதான்" என்பார்கள். பிறகு புரை ஆபரேசன் செய்தும் பார்வை தெளியாது. "ஆபரேசனைக் கெடுத்துட்டாங்க" என்று ஊரில் பேச்சு வரும், அதைக் கேட்டு இன்னும் நாலு பேர் பயந்து போகாமல் நிற்பார்கள். உண்மையில் விழித்திரை முன்பே கெட்டிருக்கும். நேரத்தில் கண்டால் லேசரும் கண்ணுக்குள் போடும் ஊசியும் இருக்கின்றன, போன பார்வையை அவை முழுசாகத் திருப்பித் தராவிட்டாலும் இருப்பதைக் காப்பாற்றும். சுகர் ஏறி இறங்கும் நாட்களில் லென்ஸே உப்பி வற்றுவதால் பவர் மாறும். அதனால் சுகர் கட்டுக்கு வருமுன் புதுக் கண்ணாடிக்குக் காசு போடாதீர்கள்.

இன்னொன்று கண் நீர் அழுத்த நோய், கிளாகோமா. சத்தமே இல்லாமல் ஓரத்திலிருந்து பார்வையைத் தின்றுகொண்டு வரும். நடுப்பார்வை கடைசிவரை நன்றாக இருப்பதால் எழுத்துப் பலகையில் எல்லா வரியையும் படித்துவிடுவார்கள், ஆனால் பக்கத்தில் வரும் மாட்டு வண்டி தெரியாது. புரையில் போன பார்வை ஆபரேசனில் திரும்பும். கிளாகோமாவில் போனது திரும்பாது. அழுத்தம் பொதுவாக 10 முதல் 21 வரை இருக்கும், ஆனால் அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது, நரம்பையும் பார்க்க வேண்டும். அம்மாவுக்கு அது இருக்கிறது என்று தெரிந்தால் நீங்களும் உங்கள் உடன்பிறந்தவர்களும் சோதித்துக்கொள்ள வேண்டும், குடும்பத்தில் ஓடும் நோய் அது. சொட்டு மருந்து ஆயுசுக்கும் போட வேண்டும். "கண்ணு நல்லாத்தான் தெரியுது, எதுக்குச் சொட்டு?" என்று நிறுத்திவிட்டு வந்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்தேன். அதில் டிமொலால் என்ற சொட்டு ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது, மூச்சிரைப்பு உண்டென்றால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

தழைச்சாறு என்று எழுதியிருந்தீர்கள். அதைச் சும்மா விட்டுப்போக எனக்கு மனம் வரவில்லை. சோளத்தட்டு அறுக்கும்போது தாள் கீறும், கரும்புச் சோகை குத்தும், கொறங்காட்டுக் கிளுவை வேலியில் முள் படும், தென்னை ஓலையிலிருந்து தூசு விழும். கருவிழியில் சின்னக் கீறல்தான். அன்றைக்கு இரவே தாய்ப்பால், விளக்கெண்ணெய், வெங்காயச் சாறு, நந்தியாவட்டைப் பூச்சாறு என்று ஏதாவது விடுவார்கள். தாவரம் பட்ட காயத்தில் பூஞ்சைக் காளான் தொற்றும். அந்தப் புண் மெதுவாக வளரும், ஆறவும் வாரக்கணக்காகும். நாலாம் நாள் மெடிக்கலில் "கண்ணு சிவந்திருக்கு" என்று கேட்டு வாங்கும் சொட்டில் டெக்சாமெத்தசோனோ பெட்டாமெத்தசோனோ என்கிற ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பு குறையும், வலி குறையும், உள்ளே பூஞ்சை நன்றாகப் பரவும். வந்து சேரும்போது கருவிழியே சீழாக இருக்கும். பூவோடு தப்பினாலே பெரிசு. கீறல் பட்டால் சுத்தமான தண்ணீரில் கழுவிவிட்டு, கசக்காமல், மறுநாளுக்குள் கண் ஆஸ்பத்திரி. இது ஒன்றைத் தோட்டத்தில் வேலை செய்யும் எல்லாருக்கும் சொல்லுங்கள். மீந்துபோன ஸ்டீராய்டு சொட்டை எடுத்து வைத்து மறுபடி மறுபடி விடுவதால் கிளாகோமாவும் வரும், புரையும் வரும்.

அம்மா ஏன் எழுந்து போகிறார் என்று நீங்கள் அவரிடம் கேட்டீர்களா? பெரும்பாலும் கத்திப் பயம் என்று நினைக்கிறோம். நான் கேட்டுப் பார்த்ததில், நம்ம பக்கத்துப் பெண்கள் சொல்லும் நிஜக் காரணம் மாடு. "நான் ஆஸ்பத்திரில கெடந்தா யாரு பால் கறக்கறது, யாரு சாணி வழிக்கறது?" ஆண்களுக்கு ஒரு கண் மங்கினாலே வீட்டில் ஆள் கூட்டி வருகிறார்கள். பெண்கள் இரண்டு கண்ணும் போய் அடுப்பில் கை சுட்டுக்கொண்ட பிறகு வருகிறார்கள். இதை வீட்டுக்கு வீடு பார்த்தேன், அதில் எனக்கு இன்னும் கோபம் உண்டு. "அம்மா, ஆபரேசன் பண்ணிக்க" என்று சொல்வதற்கு முன்னால் கட்டுத்தரைக்கு ஆள் சொல்லி வையுங்கள். ஒறம்பரையில் யாரையாவது ஒரு மாதம் வந்து இருக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கறவையைப் பக்கத்துத் தோட்டத்தில் விடுங்கள். ஏற்பாட்டைக் காட்டிவிட்டுப் பேசினால் பாதிப் பிடிவாதம் போய்விடும். தேருக்கும் ஆபரேசனுக்கும் சம்பந்தம் இல்லை, வெயில் காலத்தில் செய்யக் கூடாது என்பதும் பழைய பேச்சு. தேர்க்கூட்டத்தில் அம்மா நிற்க ஆசைப்படுகிறார் என்றால் தேருக்கு இரண்டு மாதம் முன்னால் செய்யுங்கள், தெளிவாகவே பார்ப்பார்.

ஆபரேசன் அன்றைக்கு மயக்கம் கொடுத்துப் படுக்க வைப்பதில்லை. கண்ணை மரக்க வைக்கச் சொட்டோ, கண்ணுக்குப் பக்கத்தில் ஊசியோ போடுவார்கள். முழிப்போடு இருப்பார், பேச்சுக் கேட்கும், கத்தி தெரியாது. பெரும்பாலும் அரை மணிக்குள் முடிந்துவிடும். சுகரும் பிரசரும் கட்டில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தள்ளி வைப்பார்கள், அதற்குக் கோபப்படாதீர்கள். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்பார்கள், தானாக நிறுத்தவும் கூடாது, மறைக்கவும் கூடாது. வீட்டில் அப்பாவுக்கும் புரை இருந்து, சிறுநீர் அடைப்புக்கு டாம்சுலோசின் சாப்பிடுகிறார் என்றால் அதைக் கண் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். எப்போதோ சாப்பிட்டு நிறுத்தியிருந்தாலும் சொல்லுங்கள். அந்த மாத்திரை பாப்பாவைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்திவிடும், தெரிந்திருந்தால் டாக்டர் அதற்குத் தயாராக இருப்பார்.

லென்ஸ் விசயத்தில் பலர் குழம்பி நிற்பார்கள். தூரத்துக்கு மட்டும் பவர் வைத்த சாதாரண லென்ஸ் தோட்ட வேலைக்கு நல்லாப் போதும், படிக்க மட்டும் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம். கிட்டேயும் தூரமும் இரண்டும் தெரியும் என்கிற மல்டிஃபோக்கல் லென்ஸ் விலையும் கூட, ராத்திரியில் விளக்கைச் சுற்றி வளையமும் கூசலும் சிலருக்கு வரும். விழித்திரையில் சர்க்கரைப் பாதிப்பு உள்ளவருக்கும், நாமக்கல் பக்கத்து லாரி டிரைவர்களுக்கும் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கோவையில் அவினாசி ரோட்டில் அரவிந்த் 1997 முதல் இருக்கிறது, சத்தி ரோட்டில் சிவானந்தபுரத்தில் சங்கரா இருக்கிறது, கோவை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலும் மாவட்ட அரசு ஆஸ்பத்திரிகளிலும் கண் பிரிவு இருக்கிறது. முகாம் வழியாகப் போனால் பஸ், சாப்பாடு, தங்கல், ஆபரேசன், லென்ஸ் எல்லாம் இலவசம். இலவசம் என்றால் லென்ஸ் வைக்க மாட்டார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், வைத்துத்தான் அனுப்புகிறார்கள்.

வந்த பிறகு பத்தியம் வேண்டாம். கோழி ஆகாது, எண்ணெய் ஆகாது என்று கஞ்சி மட்டும் குடித்து, சுகர் மாத்திரையை மட்டும் விடாமல் போட்டு, தாழ் சுகரில் மயங்கி விழுந்தவர்கள் உண்டு. வழக்கமான சாப்பாடே சாப்பிடட்டும். டாக்டர் சொல்லும்வரை தலைக்கு ஊற்ற வேண்டாம், முகத்தில் தண்ணீர் அடிக்க வேண்டாம், கண்ணைத் துணியால் துடைக்க வேண்டாம். கட்டுத்தரை, விறகடுப்புப் புகை, தூக்குகிற வேலை கொஞ்ச நாளைக்கு ஒதுக்கமாக இருக்கட்டும். சொட்டு மருந்து நாலிலிருந்து ஆறு வாரம், படிப்படியாகக் குறைப்பார்கள். கை கழுவி, கீழ் இமையை இழுத்து ஒரே சொட்டு, பாட்டில் முனை இமையில் படக் கூடாது. இரண்டு மருந்து என்றால் நடுவில் ஐந்து நிமிசம். அம்மாவால் ஒழுங்காக விட முடியாது, வீட்டில் ஒருவர் பொறுப்பெடுங்கள். முதல் வாரத்தில் வலி கூடினாலோ, சிவப்பு கூடினாலோ, நேற்றுத் தெரிந்தது இன்று மங்கினாலோ காலைவரை காத்திருக்காதீர்கள். கண்ணுக்குள் கிருமி புகுந்திருந்தால் மணிக்கணக்குதான் நேரம்.

ஒரு வருசமோ இரண்டு வருசமோ கழித்து மறுபடி மங்கினால் "புரை திரும்ப வந்துருச்சு" என்பார்கள். வராது. லென்ஸ் உட்கார்ந்திருக்கும் உறை கொஞ்சம் கலங்குகிறது, யாக் லேசரில் சில நிமிசத்தில் சரி செய்வார்கள், கத்தி கிடையாது.

ஆபரேசன் வரை வீட்டை அம்மாவுக்கு ஏற்றபடி மாற்றுங்கள். படிக்கட்டு ஓரத்தில் வெள்ளைப் பெயிண்டில் கோடு இழுங்கள், வாசல்படிக்கும் கிணத்து மேட்டுத் தடத்துக்கும் அப்படியே. பாத்ரூம் வழியில் ராத்திரி முழுக்க எரிகிற சின்ன விளக்கு போடுங்கள். வேலை செய்யும்போது விளக்கு அவருக்கு எதிரே இருந்தால் கூசும், பின்னாலோ தோளுக்குப் பக்கத்திலோ இருக்கட்டும். வெயிலில் துண்டை முக்காடு போட்டால் நெற்றி நிழலில் நன்றாகத் தெரியும். எவர்சில்வர் டம்ளரில் மோர் நிறைந்ததா என்று தெரியாமல் கொட்டுவார், கறுப்புக் கிண்ணத்தில் கொடுத்துப் பாருங்கள். கேஸ் அடுப்பின் நீலத்தீ பகல் வெளிச்சத்தில் அவருக்குத் தெரியாது, முந்தானையைச் செருகிக்கொண்டு நிற்கச் சொல்லுங்கள். மாத்திரைகளை வேளைக்கு வேளை தனித்தனி டப்பாவில் நீங்களே போட்டு வையுங்கள். பார்வை ரொம்பக் குறைந்தவர்கள் சிலருக்கு இல்லாத ஆட்களும் பூக்களும் வடிவங்களும் கண் முன்னால் தெரியும். காத்துக் கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப் போவார்கள். கண்ணிலிருந்து தகவல் வராததால் மூளையே வரைகிற படம் அது, புத்தி பிசகவில்லை என்று தைரியம் சொல்லுங்கள், கண் டாக்டரிடமும் சொல்லுங்கள்.

உங்களுக்கு வருவோம். 42 வயதில் ஊசி கோக்க முடியவில்லை என்றால் பெரும்பாலும் வெள்ளெழுத்து. நாற்பதை ஒட்டி எல்லாருக்கும் வரும், லென்ஸ் இறுகிக் கிட்டே குவிய முடியாமல் போவது, புரை இல்லை. படிக்கிற கண்ணாடி போதும், ஆனால் ரோட்டோரத்தில் வாங்காமல் சோதித்து வாங்குங்கள், உங்களுக்கு இரண்டு கண்ணும் ஒரே பவரா என்று யாருக்குத் தெரியும். எரிச்சல் வேறு. டியூப் லைட்டுக்குக் கீழே துணியை உற்றுப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது பாதியாகக் குறையும், மேலே ஃபேன் வேறு சுற்றும், பஞ்சுத் தூசு வேறு. கண் வறண்டு எரிகிறது. இருபது நிமிசத்துக்கு ஒருமுறை இருபதடி தூரத்தில் எதையாவது இருபது விநாடி பாருங்கள், வேண்டுமென்றே சிமிட்டுங்கள். ஃபேன் காற்று முகத்தில் நேராக அடிக்காத இடமாகக் கேளுங்கள். அதற்கும் நிற்காவிட்டால் கண்ணீர் மாதிரி சொட்டு மருந்து டாக்டர் எழுதித் தருவார். அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் நீங்களும் ரத்தத்தில் சர்க்கரை பார்த்துவிடுங்கள். திடீரென்று கண்ணுக்குள் மின்னல் வெட்டினாலும், கூட்டமாகக் கொசு பறக்கிற மாதிரி தெரிந்தாலும், ஓரத்தில் திரை இறங்கினாலும் அன்றைக்கே போக வேண்டும், அது விழித்திரை கிழிகிற அறிகுறி.

அம்மாவைக் கூட்டிப் போகும் அன்றைக்கு நீங்களும் சேர்ந்தே காட்டிவிடுங்கள். காலைச் சாப்பாடும் சுகர் மாத்திரையும் வழக்கம்போல. பாப்பாவை விரிக்கச் சொட்டு விட்டால் நாலைந்து மணி நேரம் எல்லாம் மங்கும், வெயில் கூசும், இருவருமே வண்டி ஓட்ட முடியாது, அதனால் பஸ்ஸில் போங்கள் அல்லது தம்பியைக் கூட்டிக்கொள்ளுங்கள். பழைய கண்ணாடி, சுகர் நோட்டு, ஆதார், வீட்டிலிருக்கும் எல்லா மாத்திரை அட்டையும் காலியானதோடு சேர்த்து ஒரு மஞ்சப்பையில். டாக்டரிடம் "புரை இருக்குதுங்களா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "விழித்திரை எப்படி இருக்குது, அழுத்தம் எவ்வளவு, ஆபரேசன் பண்ணினா எந்த அளவுக்குத் தெரியும்?" என்று மூன்றையும் கேட்டு, பதிலை அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அங்கேயே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.